நாலு முறை கீறியும் திரும்பி வந்த அக்குள் கட்டி

சூட்டுக் கட்டி, சூட்டுக் கட்டி என்றே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன். வலது அக்குளில் பட்டாணி அளவுக்கு ஒன்று கிளம்பும். கையைத் தொங்கப்போட முடியாது, தூக்கவும் முடியாது. டாக்டரிடம் போய்க் கீறிக்கொண்டு ஐந்து நாள் மாத்திரையோடு வருவேன். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், அதனால் ஒவ்வொருவருக்கும் அது முதல் கட்டி. பழைய சீட்டு ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை.

ஐந்தாவது வந்தபோது பயம் பிடித்துக்கொண்டது. ஸ்கேன் எழுதி வாங்கினேன். சீட்டில் 'இடது' என்று இருந்ததைக் கவுன்ட்டரில்தான் கண்டுபிடித்தார்கள். வலிக்கிற கையைத் தூக்கியே காட்டினேன். "சீட்டுல என்ன இருக்கோ அதைத்தாங்க எடுப்போம்." திருத்தி வாங்குவதற்குள் இரண்டு நாள் போய், கட்டி தானே உடைந்துவிட்டது. நெறி (நிணநீர்க் கணு வீக்கம்) கட்டவில்லை, தோலுக்கடியில் கொஞ்சம் சீழ் என்று ரிப்போர்ட் வந்தது. சீட்டை வாங்கியதும் வலதா இடதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

கடைசியில் தோல் டாக்டர். ரிப்போர்ட்டைப் படித்து ஓரமாக வைத்துவிட்டு, முதலில் என் விரல்களைத்தான் புரட்டிப் பார்த்தார். நகச்சுத்தி, வெட்டுக்காயம், பூனைக் கீறல் ஏதாவது உண்டா? அந்தக் கையில் சமீபத்தில் தடுப்பூசி போட்டீர்களா? இவற்றுக்கெல்லாம் அக்குளில் நெறி கட்டி வலிக்குமாம். ஆனால் நெறி ஆழத்தில் இருக்கும், என்னுடையது தோலோடு ஒட்டியிருந்தது. டார்ச் அடித்து, கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். பழைய தழும்புக்குப் பக்கத்தில் இரண்டு கரும்புள்ளிகள் ஒட்டிப் பிறந்தது போல.

"தொடை இடுக்குலயும் வருமா?"

வரும். இத்தனை வருஷம் கூச்சத்தில் யாரிடமும் நான் வாயைத் திறக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

இந்த நோயின் பெயர் ஹைட்ராடினைடிஸ் சப்புரேடிவா என்றார். முடி முளைக்கும் துளை அடைத்து, உள்ளுக்குள்ளேயே வெடித்து வீங்குகிறது. அழுக்கால் வருவதில்லை, அடுத்தவருக்குத் தொற்றாது. இதைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆறு மாதத்தில் இரண்டு முறையாவது அதே மாதிரி இடங்களில் வந்ததா என்ற கதைதான் முக்கியம். கீறினால் வலி அடங்கும், கட்டி திரும்ப வரும். நாலு முறை கீறிக்கொண்ட பிறகு இதைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்!

புற்றுநோயா என்று கேட்டேன். வலிக்காத, கெட்டியான, நகராத கட்டிதான் தனக்கு அதிகக் கவலை தரும் என்றார். வலிக்கிறது என்பதாலேயே பயமில்லை என்று விட்டுவிடவும் கூடாதாம். எதுவானாலும் இரண்டு வாரத்தில் கரையாவிட்டால் காட்டிவிட வேண்டும்.

கிளிண்டாமைசின் பூச்சு, 12 வாரத்துக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதித் தந்தார், இரண்டும் ஆன்டிபயாடிக். மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காமல் இருங்கள். நான் படுத்து நெஞ்செரிச்சலில் ஒரு ராத்திரி தூங்கவில்லை. பிதுக்குவதற்கும் அக்குளில் ரேசருக்கும் தடை.

ஆறாவது வாரம் ஓடுகிறது. போன வாரம் சின்னதாக ஒன்று தலைகாட்டி, கீறாமலே அமுங்கியது. போட்டோ எடுத்துத் தேதி போட்டு வைத்திருக்கிறேன்.