மாடு இறங்கும் வழியில் ஏறிய வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை நானும் நண்பரும் சேர்ந்து செய்த ஆறு சக்கர மின்சார வண்டி ஏரிக்குள் இறங்கி, யாரும் தள்ளாமல் தானாகவே கரையேறியது. மூன்று மாதமாக நன்றாக மிதந்துகொண்டுதான் இருந்தது. ஏறத்தான் மறுத்தது.

எதற்கு இப்படி ஒரு வண்டி என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். ஜனவரியில் வனத்துறை நடத்தும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு நான் தன்னார்வலராகப் போகிறவன். அந்த மாதத்தில் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் பின்வாங்கத் தொடங்கியிருக்கும். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே சேறு அகலமாகக் கிடக்கும். பறவைகள் இருப்பதோ அதற்கு அப்பால். நடந்தால் முழங்கால் வரை புதைகிறது, ஜீப் போகாது, பரிசல் சேற்றில் நகராது. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் குழுவில் வந்த ஓர் அக்காவைத் துண்டு கட்டித்தான் வெளியே இழுத்தோம். அவருடைய பைனாகுலர் இன்னும் அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது.

நான் ஓசூரில் பேட்டரி பேக் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். நண்பருக்குக் காவேரிப்பட்டணத்தில் வெல்டிங் பட்டறை. இந்த வகை வண்டி புதிதல்ல, 1960-களிலேயே கனடாவில் ஆர்கோ என்ற பெயரில் செய்தார்கள். தொட்டி போன்ற உடல், ஆறு பெரிய டயர். பைக் டயரில் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிப்போம், இதில் 3 போதும். அதனால் டயர் அப்பளமாகப் பரந்து சேற்றின்மேல் நிற்கிறது. ஸ்டியரிங் கிடையாது. இடப்பக்கச் சக்கரங்களுக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கத்தை மெதுவாக்கினால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். தண்ணீரில் டயரின் பட்டைகளே துடுப்பு. மனிதன் நடக்கும் வேகம்தான் வரும், அது எங்களுக்குப் போதும்.

மிதக்கும் கணக்கு எளிது. வண்டி 380 கிலோ, இரண்டு பேரும் சாமானும் 170 கிலோ. மொத்தம் 550 கிலோவுக்கு 550 லிட்டர் தண்ணீரை விலக்க வேண்டும். எங்கள் தொட்டியின் அடிப்பரப்புக்கு அது சுமார் 18 சென்டிமீட்டர் ஆழம்.

பெட்ரோல் எஞ்சினை நான் யோசிக்கவே இல்லை. சத்தத்துக்குப் பறவை எழுந்துவிட்டால் எதை எண்ணுவது? இன்னொரு காரணம், மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழு இழுவிசை தரும். கரையேறும்போது தேவைப்படுவது அதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் இழுவிசை இருந்தும் ஏறவில்லை. முன் டயர் கரையைத் தொடும் நேரத்தில் மற்ற நான்கும் மிதந்துகொண்டிருக்கின்றன. முன் டயரின்மேல் எடையே விழாததால் பிடிப்பும் இல்லை, சேற்றைக் கிளறிக்கொண்டே நிற்கிறது. இன்னும் முடுக்கினால் மூக்கு மேலே தூக்கும், பின்பக்கம் தாழ்ந்து தண்ணீர் உள்ளே வரும். ஒரு தடவை, அச்சு வெளியே வரும் துளையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலும் விட்டுவிட்டது. புதிதாக வாங்கிய சீல்தான். பேட்டரிப் பெட்டி வரை நனைந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் ஒகேனக்கல்லிலிருந்து பெரிய மாமா வந்தார். 35 வருடம் பரிசல் ஓட்டியவர். மூங்கில் பின்னலில் எருமைத்தோல் போர்த்திய காலத்தையும் பார்த்தவர், இப்போதைய பிளாஸ்டிக்கும் தாரும் பூசிய பரிசலையும் ஓட்டியவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“மிதக்குறது சரி மாப்ள. மாடு எங்க தண்ணிக்கு இறங்குதுன்னு பாத்தியா?”

நாங்கள் பார்க்கவில்லை. மதகுப் பக்கம் வண்டியை நிறுத்த வசதியாக இருந்ததால் அங்கேயே முயன்றுகொண்டிருந்தோம். மாடுகள் இறங்குவது ஏரியின் மறுகோடியில். சரிவு மெதுவாக இருந்தது, வருடக்கணக்காகக் குளம்பு பட்டு அடிமண் கெட்டிப்பட்டிருந்தது. அங்கே போனால் முன் டயர் தொட்டதுமே நடு டயரும் தரையைத் தொடுகிறது. கிட்டத்தட்ட 100 கிலோ உள்ள பேட்டரியையும் பின்னாலிருந்து ஓட்டுபவரின் காலடிக்கு மாற்றினோம். மாற்றிய அன்று முதல் முயற்சியிலேயே ஏறியது. மாமா ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு டயரைத் தொட்டுப் பார்த்தார்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. 2022-ல் அறிவித்த காவேரி தெற்கு வன உயிரின சரணாலயத்தில் நீர்நாய்களைத் தேடிப் போகும் குழுக்களுக்கு, வனத்துறை அனுமதித்தால், அமைதியான ஓரங்களில் இது உதவ வேண்டும். காவிரியின் வேகமான நீரோட்டத்தில் இதை இறக்கவே கூடாது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிக்கல் வேறு. ஏரியில் மாடு என்றால் அங்கே யானை. நல்ல சரிவுள்ள துறை எல்லாம் யானை தண்ணீருக்கு இறங்கும் வழி. அதில் நாம் போய் நிற்கக் கூடாது. அதனால் செங்குத்தான கரையிலும் இது ஏறியாக வேண்டும். முன் அச்சை இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளிப் பொருத்த வெல்டிங் தொடங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு மதகுப் பக்கமே மறுபடி முயல்கிறோம். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.