“இறங்கலாமாண்ணே?”

குன்னூரில் என் மெக்கானிக் வேலை முடிந்ததும், மலை இறங்கும் லாரியின் டிரைவர் தம்பி கேட்டது அது ஒன்றுதான். நான் “தாராளமா இறங்கு” என்றேன். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது.

ஊட்டிப் பக்கம் கேத்தியில் கேரட் லோடு காத்திருந்தது. இன்ஜின் வால்வுகளை அழுத்தித் திறக்கும் பழைய ராக்கர்களின் முனையில் குழி விழுந்திருந்தது. குழி விழுந்துவிட்டால், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபில்லர் கேஜ் அதன் மேலே பாலம் போலக் கிடக்கும். டேப்பெட், அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி, சரியாக இருப்பதாகக் காட்டும், உள்ளே இடைவெளி கூடுதலாக இருக்கும். மாற்றியே ஆகவேண்டும். கம்பெனி செட் வர மூன்று நாள் ஆகும் என்றதும் முதலாளி வெளி செட் பன்னிரண்டையும் வாங்கி வந்துவிட்டார்.

அதில் ஒன்றில், உள்ளே இருக்கும் வளையமான புஷ்ஷின் ஆயில் துளை, ராக்கரின் துளையோடு சேராமல் பாதி மறைந்திருந்தது. திருப்பிக் கொடுத்திருக்கலாம். கை டிரில்லால் துளையைத் திறந்து, காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினேன். கவரைக் கழற்றி வைத்து ஓட விட்டுப் பார்த்தபோது பன்னிரண்டிலும் ஆயில் கசிந்து வந்தது. கண்ணால் பார்த்துத்தான் சொன்னேன், மனம் போன போக்கில் அல்ல. ஆனால் நான் பார்த்தது குன்னூர்க் குளிரில், ஐடிலில். மேட்டுப்பாளையம் வரை 14 கொண்டை ஊசி வளைவு, முழு லோடு, கியரில் பிடித்துக்கொண்டு இறங்கும் இன்ஜின். அது வேறு கதை.

பதினோராம் நாள் பர்லியாறுக்குக் கீழே வண்டி ஒரு சிலிண்டர் இழுக்காமல் நின்றது. ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராட் வளைந்திருந்தது. நான் துளை திறந்த ராக்கருடையது இல்லை, வேறொன்றுடையது. ராக்கர்கள் ஆடும் ஷாஃப்டில், சூட்டில் நீலம் பாய்ந்த தடம் எங்குமே இல்லை. ஆயில் போய்ச் சேர்ந்துதான் இருக்கிறது. அப்படியென்றால் இறக்கத்தில் கியரைக் குறைத்தபோது இன்ஜின் வேகம் எல்லை மீறி, வால்வு மூட நேரமில்லாமல் பிஸ்டனில் இடித்திருக்கலாம். கம்பெனி ராக்கர் இருந்தாலும் ராட் வளையத்தான் செய்யும். தம்பி “செகண்ட்லதாண்ணே வந்தேன்” என்றான். தேர்டிலிருந்து எந்த வேகத்தில் செகண்டுக்குப் போட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா?

துளை விஷயத்தை அன்றே சொல்லியிருந்தால் அவன் பயந்து மெதுவாக இறங்கியிருப்பான். இரண்டு டிரிப் முடிந்ததும் டேப்பெட் பார்க்க வண்டியைக் கொண்டுவந்திருப்பான். புது ராக்கர் போட்டால் எப்படியும் பார்க்க வேண்டியதுதான், அதையும் சொல்லவில்லை. லோடு அவசரம், முதலாளி பக்கத்தில் நின்றார். சரி, அதெல்லாம் காரணமா?

போன வாரமும் அதே வண்டி வந்தது. வேலை முடிந்ததும் தம்பி அதையே கேட்டான். கையில் கேஜை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அப்புறம் கவரை மறுபடி கழற்றினேன்.