டிராயிங்கில் இருக்கிறது

"இந்தத் தண்ணி எங்க சார் போகும்?"

மேஸ்திரி கேட்டது இவ்வளவுதான். "எல்லாம் டிராயிங்ல இருக்கு மேஸ்திரி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கம்பி கட்டுகிறவர்கள் பக்கம் போய்விட்டார். வீடு முடிந்து மூன்று மழைக்காலம் ஆயிற்று. அந்தப் பதிலை இன்னும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பொய் சொல்லவில்லை. மலையை 4 மீட்டர் வெட்டிய இடத்தில் தடுப்புச்சுவர், அதன் பின்னால் ஜல்லி, பின்னால் சேரும் தண்ணீர் வெளியே வர ஒன்றரை மீட்டருக்குச் சுவரில் ஒரு துளை (வீப் ஹோல்), கீழே வடிகால். எல்லாம் டிராயிங்கில் இருந்தது. அந்த உயரச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் மேல்வரை தேங்கினால், நீளத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 8 டன் தள்ளும். காய்ந்த மண்ணின் தள்ளலைவிட அது அதிகம். இதெல்லாம் தெரியாமல் நான் மலையில் கைவைக்கவில்லை.

மேஸ்திரி காட்டிய இடத்தில், வெட்டிய மண்ணில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். நல்ல கோடை. மற்ற இடமெல்லாம் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. அங்கே மட்டும் விரல் உள்ளே போயிற்று.

நான் முதலில் வரைந்தது வேறு வீடு. அரை மாடி அரை மாடியாகச் சரிவோடு இறங்கும் மூன்று மட்டங்கள்; எங்கேயும் ஒன்றரை மீட்டருக்கு மேல் வெட்டு வராது. உரிமையாளர் ரசித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவால படி ஏற முடியாதே" என்றார். அதற்கு என்ன சொல்வது? ஒரே மட்டமாயிற்று, பள்ளத்தாக்கைப் பார்த்த கண்ணாடிச் சுவரோடு. (இரட்டைக் கண்ணாடிதான். மலைக்குளிரில் ஒற்றைக் கண்ணாடி போட்டால், பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்குப் பதில் உள்பக்கம் வழிகிற நீரைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.)

முதல் மழையில் படமெடுக்கப் போனோம். வீப் ஹோல் ஒவ்வொன்றிலும் தண்ணீர் கொட்டியது. பெருமையாகக்கூட இருந்தது. பால்கனியில் சாய்ந்து கீழே பார்த்தேன். கீழ்வீட்டின் பின்சுவரை ஒட்டி மணல் மூட்டைகள், புதிதாக வெட்டிய ஒரு வாய்க்கால். எங்கள் வடிகால் மனையின் எல்லையோடு முடிகிறது. டிராயிங்கும் அங்கேயே முடிகிறது.

மேஸ்திரி கேட்டது இதைத்தானோ என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் எங்கே போகும் என்று அவர் கேட்டார். சுவரைவிட்டு எப்படி வெளியே வரும் என்பதற்கு நான் பதில் வைத்திருந்தேன்.

என் பக்கமும் நியாயம் உண்டு. அடுத்தவர் மனையில் நான் எப்படி வரைவது? தண்ணீர் முன்பும் அந்தச் சரிவில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. சரி, பரவலாக இறங்கியதை 4 அங்குலக் குழாயில் சேர்த்து ஒரே இடத்தில் விட்டது நான்தான்.

1972 ஜூன் 18 அன்று ஹாங்காங்கின் போ ஷான் சாலைப் பக்கம் சரிவு இறங்கி, கீழே இருந்த 12 மாடிக் குடியிருப்பைச் சாய்த்தது. 67 பேர் இறந்தார்கள். பல நாள் மழை. அதோடு அந்தச் சரிவில் கட்டுமானத்துக்காக மண்ணை வேறு வெட்டியிருந்தார்கள். படிக்கிற காலத்தில் எனக்கு அது வெட்டுக்கோணம் பற்றிய உதாரணம். கீழே குடியிருந்தவர்கள் பக்கமிருந்து அதை யோசித்ததே இல்லை. இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை, மணல் மூட்டைதான். ஒப்பிடுவதே மிகை என்று சில நாள் தோன்றுகிறது.

போன மாதம் வேறொரு தளத்தில் மேஸ்திரியைப் பார்த்தேன். கேட்டேவிட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"அப்படியா கேட்டேன்? குழாய்க்காகக் கேட்டிருப்பேன் சார். டிராயிங்ல நாலு இஞ்சு. அன்னிக்கு மூணு இஞ்சுதான் வந்து இறங்கியிருந்துச்சு."

ஒரு நிமிடம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன், கடைசியில் எந்தக் குழாயைப் போட்டார்கள் என்று நான் பார்க்கவே இல்லை.