முகத்தில் பட்ட சொல்

வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து எனக்கு அது இரண்டாவது நவம்பர். ஓய்வூதியக்காரர்கள், தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் ஆயுள் சான்று கொடுக்க வரும் மாதம். டிஜிட்டல் சான்று 2014-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய காலம் என்பதால் வாசல்வரை வரிசை. எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர், ஓய்வூதிய ஆணை எண் எழுத வேண்டிய கட்டத்தில் கணக்கு எண்ணை எழுதியிருந்தார். படிவத்தைத் திருப்பித் தள்ளி, "படிக்கத் தெரியாதா உங்களுக்கு?" என்றேன். பின்னால் நின்றவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். அவர் எதுவும் பேசாமல் எண்ணை அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான்கு நாள் கழித்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அவர் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று அதில்தான் தெரிந்தது. கால் கடுக்க நின்றதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நடந்தது ஓர் 'அஃப்ரன்ட்' (affront) என்று மட்டும் எழுதியிருந்தார். மேலாளர் அதை என் மேசையில் வைத்து, "பதிலை நீங்களே எழுதுங்க தம்பி" என்றார்.

'இன்சல்ட்' என்று எழுதாமல் ஏன் இந்தச் சொல்? அன்றிரவு அகராதியைப் புரட்டினேன். இன்சல்ட், மேலே பாய்வதைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அஃப்ரன்டுக்கு வேர், நெற்றியையும் முகத்தையும் குறிக்கும் லத்தீன் சொல். பழைய பிரெஞ்சில் அது முகத்தில் அறைவது என்று பொருள்பட்டு, அப்படியே ஆங்கிலத்துக்குப் போயிருக்கிறது. "முகத்தில் அடித்தாற்போல் பேசிவிட்டான்" என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தானே! எங்கோ இருக்கும் மொழிக்கும் வலிக்கிற இடம் அதுவேதான். நாலு பேர் பார்க்க, வேண்டுமென்றே செய்யும் அவமதிப்பு என்றும் அகராதி விளக்கியிருந்தது. 'வேண்டுமென்றே' என்ற இடத்தில் என் விரல் நின்றுவிட்டது. களைப்பு, கூட்டம் என்று நான் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த காரணங்கள் எதுவும் அந்தச் சொல்லுக்கு முன் நிற்கவில்லை.

'தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்பதுதான் எங்கள் அலுவலகத்தில் வழக்கமான பதில். அதை எழுதி, கிழித்துப் போட்டேன். சிரமம் என்று அவர் எங்கே சொன்னார்? 'வருந்துகிறோம்' என்பதில் நான் எங்கே இருக்கிறேன்? "பலர் முன்னால் உங்களை முகம் வாடச் செய்தது நான்தான். மன்னியுங்கள்" என்று தமிழில் எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனேன்.