நீர்மட்டம் குறைந்த தேக்கடியில் இரண்டு நாள்

காலையில் தினத்தாள் வந்ததும் அப்பா முதலில் தேடுவது முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைத்தான். தலைப்புச் செய்தியெல்லாம் அதற்கு அப்புறம். மேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே லோயர்கேம்ப்பில் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு என்று ஓடி வைகை அணைக்கு வந்து, பேரணையில் பிரிந்து, கால்வாயில் எங்கள் ஊரைத் தொட வேண்டும். 142 அடி என்றால் வீட்டில் பேச்சு கலகலப்பாக இருக்கும். 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் ஏறாது. அந்த எண்ணை நோக்கி மட்டம் இறங்கும் கோடையில் அப்பா அதிகம் பேசமாட்டார்.

எட்டாம் வகுப்பு முடித்த என் மகளுக்குப் பறவைப் பித்து. பிறந்தநாளுக்கு ஒரு பைனாகுலர் கேட்டு வாங்கிக்கொண்டவள். மே மாத விடுமுறைக்கு ஏரியும் காடும் சேர்ந்த இடமாக வேண்டும் என்றாள். அப்பா தன் வாழ்நாள் முழுக்க அந்தத் தண்ணீரில் விவசாயம் பார்த்தவர். ஆனால் அது தேங்கி நிற்கும் இடத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் ஒரே ஊர் பொருந்தியது: அந்த அணைத் தண்ணீர் ஏரியாக நிற்கும் தேக்கடி.

"மேயிலா? மழை முடிஞ்சு பச்சைப்பசேல்னு இருக்கும்போது போங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் அது சரி. விலங்கு பார்க்க வேண்டுமென்றால் கோடைதான். காட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ஓடைகளும் குட்டைகளும் வற்றிப்போவதால் யானையும் காட்டுமாடும் ஏரிக்கு வந்தாக வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டோம்.

கம்பம், கூடலூர் திராட்சைப் பந்தல்களைத் தாண்டி லோயர்கேம்ப் வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். மலையிலிருந்து மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்துக் கைகூப்பினார். அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் மணிமண்டபத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். அதன்பின் மலைப்பாதை. குமுளியில் ஒரே தெருவில் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். ஏலக்காய் வாசனைக்கு மட்டும் எல்லை கிடையாது. கடைக்காரர்கள் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் பேசுவதென்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதல் நாள் மாலை 3.30 மணிப் படகு. வண்டியை ஆனவாச்சாலில் விட்டுவிட்டு வனத்துறைப் பேருந்தில் படகுத்துறைக்குப் போக வேண்டும். 2009-ல் இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். உயிர்காப்பு உடுப்பை மாட்டிவிடும்போது அது நினைவுக்கு வந்தது. மகளின் உடுப்பு வார்களை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அணை வரைக்கும் படகு போகும் என்று அப்பா நம்பியிருந்தார். சுற்றுலாப் படகுகள் அங்கே போவதில்லை. முகம் வாடினாலும் ஒன்றும் சொல்லவில்லை. படகு திரும்பியதும் தண்ணீருக்குள் நிற்கும் மரங்கள் தெரிந்தன. இலை இல்லை, பட்டை இல்லை, கரிய எலும்புகள் போல நூற்றுக்கணக்கில் நின்றன. 1895-ல் அணை கட்டி முடித்துத் தண்ணீர் தேங்கியபோது பள்ளத்தாக்கோடு மூழ்கிய காட்டின் மரங்கள் அவை. செத்துச் சுமார் நூற்று முப்பது வருடம் ஆகியும் இன்னும் விழவில்லை. ஒவ்வொரு மரத்திலும் வெளுத்த கோடுகள் வளையம் வளையமாக இருந்தன. தண்ணீர் நின்று நின்று இறங்கிய அடையாளம். அப்பா அந்த வளையங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். தினத்தாளில் தினமும் படித்த எண் அங்கே மரத்தில் எழுதியிருந்தது.

படகிலிருந்து அன்று யானைகளைப் பார்த்தோம். தூரத்துக் கரையில் ஏழு. காட்டுமாடு ஒரு கூட்டம், முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல. மிளா மான் இரண்டு. ஆனால் யானை தெரிந்த நொடியில் படகில் எழுந்த கூச்சல் எனக்குத் தாங்கவில்லை. ஒரு குட்டி தாயின் வயிற்றுக்கடியில் ஓடி ஒளிந்தது. சத்தம் போடாமல் பார்த்திருந்தால் அது வெளியே வந்து விளையாடியிருக்கும். தேக்கடி போகிறவர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: வாயை மூடிக்கொண்டு பாருங்கள்.

மறுநாள் மூங்கில் தெப்பம். பயணத்தின் உயிரே அதுதான். அதிகபட்சம் பத்துப் பேர், கூட வழிகாட்டிகள், துப்பாக்கியுடன் ஒரு வனக் காவலர். முதலில் காட்டுக்குள் நடை, பிறகு தெப்பத்தில் துடுப்பு போட்டு ஏரி. மோட்டார் சத்தம் கிடையாது.

எங்கள் வழிகாட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். நடக்கும்போது ஒரு மரத்தைத் தொட்டு, "இதோட பட்டையைத்தான் ஐயா ஒரு காலத்துல உரிச்சு வித்தோம்" என்றார். வயணா மரம், காட்டு லவங்கப்பட்டை. 1990-களில் இங்கே நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், பட்டை திருடி வழக்கில் மாட்டியிருந்தவர்களையே காட்டுக்குக் காவலாகவும் வழிகாட்டியாகவும் மாற்றினார்கள். "ராத்திரியில விளக்கில்லாம நடந்த வழி. அதனால பகல்ல கண்ண மூடிட்டும் போவேன்." அப்பா அவர் தோளில் கை போட்டு, "நல்ல வேலை செஞ்சீக தம்பி" என்றார்.

விடியலில் ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. யாரோ பாட்டு மறந்துபோய் மறுபடி மறுபடி தொடங்குவதுபோல. சீகாரப் பூங்குருவி என்றாள் மகள். ஓடைப் பாறையில் கருநீலமாக அது உட்கார்ந்திருந்ததைப் பிறகு பார்த்தோம், நெற்றியில் மட்டும் பளீரென்ற நீலம். துடுப்புவால் கரிச்சான் வாலின் இரண்டு கம்பிகளும் பின்னால் வண்டு துரத்துவதுபோல ஆடப் பறந்தது. மலையணில் ஒன்று கிளையில் தலைகீழாகத் தொங்கித் தின்றது. கருமந்திகளின் "ஹூ... ஹூ..." அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம், பள்ளத்தாக்கே பதில் சொல்வதுபோல இருக்கும். புலியைப் பார்க்கவில்லை. ஒரு மரத்தில் அதன் நகக்கீறல் இருந்தது. என் கை எட்டாத உயரத்தில்.

தெப்பத்தில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். ஒரு பெரிய இருவாச்சி ஏரியைக் கடந்து போனது. சிறகு அடிக்கிற ஓசை அவ்வளவு கீழே வரை கேட்கிறது. மலையாளத்தில் இதற்கு 'மலமுழக்கி வேழாம்பல்' என்று பெயர், மலையை முழங்க வைப்பது. கேரளத்தின் மாநிலப் பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். ஒரு சிறு கீறல் வழியாக ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் உள்ளே இருப்பவர்களின் கதி என்னவென்று மகள் கேட்டாள். வழிகாட்டி பதில் சொல்லாமல் துடுப்பை வலித்தார்.

அதன்பின் ஒரு செத்த மரத்துக்கு இருபதடி தள்ளித் தெப்பத்தை நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் சும்மா இருந்தோம். நான் பார்த்த வனப்பயணங்களிலேயே சிறந்த முக்கால் மணி நேரம். மரத்தில் நான்கு நீர்க்காகங்கள், உச்சியில் ஒரு பாம்புத்தாரா சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. வாத்துக்கு இருப்பதுபோல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் இருக்காது. நன்றாக நனைந்துவிடும். அந்தக் கனத்தால்தான் தண்ணீருக்குள் சுலபமாக மூழ்கித் திரிய முடிகிறது. வெயில் காய்வது அதற்கான கூலி. பிறகு அது இறங்கியது. உடம்பு தெரியவில்லை, கழுத்து மட்டும் பாம்பு மாதிரி தண்ணீருக்கு மேல் வளைந்து போனது. மூழ்கியது. வெளியே வந்தபோது அலகில் ஒரு மீன் குத்தி இருந்தது. தலையைச் சுண்டி மீனை மேலே எறிந்து, தலை முதலில் போகும்படி பிடித்து விழுங்கியது. கழுத்துக்குள் அது இறங்குவதுகூடத் தெரிந்தது.

"இது நம்ம கண்மாய்க்கு மழைக்காலத்துல வருமே ஆத்தா" என்றார் அப்பா என்னிடம். எங்கள் பக்கத்தில் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. பறவைகள் மிரளக்கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்தக் கண்மாய்களில் பார்த்த பறவையை இங்கே பார்த்ததும் ஊர்க்காரரைக் கண்டதுபோல அப்பாவுக்கு ஒரு சந்தோஷம்.

அந்த மரத்தின் கவையில் குச்சிகளால் ஆன ஒரு பழைய கூடு இருந்தது. நீர்க்காகத்தின் கூடு என்றார் வழிகாட்டி. மகள் நோட்டை எடுத்து மரத்தை வரைந்தாள். கூடு, வளையங்கள், அன்றைய தண்ணீர்க்கோடு எல்லாவற்றையும்.

திரும்பும் வழியில் நீர்நாய்கள். கரைச் சேற்றிலிருந்து வழுக்கி இறங்கி, ஆறு தலைகள் வரிசையாக வந்தன. ஒன்று மல்லாந்தபடி மீனைக் கையில் பிடித்துக் கடிக்கும் நறுக்நறுக் சத்தம் எங்களுக்குக் கேட்டது. எங்களைப் பார்த்து நிமிர்ந்து நின்று ஒரு சீறல், பிறகு ஒன்றையும் காணோம்.

கடைசியாகத்தான் யானைகள். எதிர்க்கரையில் ஒரு கிழப் பிடி (பெண் யானை), இரண்டு இளம் பிடிகள், ஒரு குட்டி. காற்று எங்கள் பக்கமாக வீசியதால் அவற்றுக்கு எங்கள் வாசனை தெரியவில்லை. ஏரி வற்றி வெளியே வந்த வண்டல் கரையில் புதுப்புல் முளைத்திருந்தது. கிழப் பிடி ஒரு கொத்துப் புல்லைத் தும்பிக்கையில் சுருட்டி, கால் நகத்தால் வேரை உதைத்துப் பிடுங்கி, முன்காலில் இரண்டு தட்டு தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைத்தது. மறுபடியும் அதே மாதிரி, அவசரமே இல்லாமல்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாத்துப் பறிக்கிறா பாரு" என்றார் மெதுவாக. ஆமாம், நாற்றங்காலில் பெண்கள் நாற்றைப் பிடுங்கிக் காலில் தட்டி மண் உதறுவதும் இப்படித்தான். அம்மா அப்படிப் பறித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி சொன்னார்: "தண்ணி இறங்க இறங்கத்தான் ஐயா இந்தப் புல்லு. மேல காடு காஞ்சு கிடக்கும்போது இதுகளுக்கு இதுதான் சாப்பாடு. மழையில ஏரி ஏறினா எல்லாம் முங்கிடும்."

அதுதான் நான் சொன்ன இன்னொரு காரணம். எங்கள் வீட்டில் துக்கமாகப் படிக்கப்பட்ட எண், இங்கே ஒரு குட்டி யானைக்குப் பந்தி. அந்த எண் எங்களுக்கு மட்டுமே சொந்தம் என்று இத்தனை வருடம் நினைத்திருக்கிறேன். அப்பா தெப்பம் கரை சேரும் வரை பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பன்னிரண்டு வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் தெப்பத்தில் ஏற்றமாட்டார்கள், படகுதான். மூங்கில் தெப்பத்துக்கு முன்பதிவு அவசியம். மங்கிய பச்சை, காக்கி உடைகள் நல்லது. மழைக்காலத்தில் அட்டைப்பூச்சி கடிக்காமல் இருக்கக் காலுக்கு உறை வேண்டும், மேயில் நாங்கள் ஒரு அட்டையையும் பார்க்கவில்லை.

ஜூனில் மழை பிடித்துக்கொண்டது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கருக்குத் தண்ணீர் திறப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது. இப்போது காலையில் அப்பா எண்ணைப் படித்ததும் மகள் நோட்டைத் திறந்து தன் மரத்தில் ஒரு கோடு போடுகிறாள். நேற்று கோடு போட்டுவிட்டு, "கூட்டுக்கு இன்னும் நெறைய இருக்கு தாத்தா" என்றாள்.

"புல்லு?"

"புல்லு முங்கியிருக்கும்."

அப்பா தாளை மடித்து வைத்தார். "மேல காட்டுல மழைதான. ஆனைக அங்கிட்டு ஏறியிருக்கும்" என்றார்.