ஸ்டாக்வெல்லில் ஒரு தலைமையாசிரியர் வாழ்ந்த வீதி

தெற்கு லண்டனின் ஸ்டாக்வெல் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து செயின்ட் மார்ட்டின்ஸ் சாலை நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. பாதிரியார் ஜான் செல்பி வாட்சனும் அவர் மனைவி ஆனும் வாழ்ந்த வீதி என்பதற்காகவே அங்கே சென்றேன்.

1804-இல் பிறந்த வாட்சன், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்துக் குருப்பட்டம் பெற்றவர். 1844-இல் ஸ்டாக்வெல் கிராமர் ஸ்கூல் என்ற உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அடுத்த ஆண்டு டப்ளினில் ஆன் ஆம்ஸ்ட்ராங்கை மணந்தார். பகலில் மாணவர்களுக்கு லத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர், எஞ்சிய நேரத்தில் சல்லஸ்ட், செனோஃபன், குயின்டிலியன் ஆகிய பண்டைய ரோம, கிரேக்க எழுத்தாளர்களின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். இவ்வளவு உழைப்பும் அவருக்குச் செல்வத்தைத் தரவில்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்ததைக் காரணம் காட்டி, 1870-இல் பள்ளி நிர்வாகம் ஓய்வூதியம் எதுவுமின்றி அவரை விலக்கியது. கால் நூற்றாண்டுக்கு மேல் பள்ளியை நடத்திய, அறுபத்தாறு வயதான ஒருவரை இப்படி அனுப்பியது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது.

ஆனால் அந்த அநீதி, பின்னர் அவர் செய்ததற்குச் சமாதானம் ஆகாது. 1871 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. பணிப்பெண் வெளியே சென்றிருந்த வேளையில், வீட்டில் வைத்து மனைவியை அடித்துக் கொன்றார். திரும்பி வந்த பணிப்பெண்ணிடம், மனைவி வெளியூர் போயிருப்பதாகவும், நூலக அறையில் தெரிந்த கறை சிந்திய ஒயின் என்றும் கூறினார். மூன்றாம் நாள் அவர் நஞ்சருந்திய நிலையில் கிடந்தார், உயிர் தப்பிவிட்டது. மனைவி தன்னைச் சினமூட்டியதால் கொன்றதாக எழுதிய கடிதமும் கிடைத்தது. அவள் அடிக்கடி சினமூட்டினாள் என்பது கொன்றவரின் கூற்று. அதை மறுக்க ஆன் உயிரோடு இல்லை. இருபத்தாறு ஆண்டுகள் அதே வறுமையையும் தனிமையையும் அவளும்தானே சுமந்திருப்பாள்! இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

அங்கிருந்து லண்டனின் மத்தியக் குற்றவியல் நீதிமன்றமான ஓல்டு பெய்லிக்குச் சென்றேன். இன்றைய கட்டடம் 1907-இல் திறக்கப்பட்டது. வாட்சன் 1872 ஜனவரியில் நின்றது பழைய நீதிமன்றத்தின் கூண்டில். மனநலம் குன்றியவர் என்ற வாதத்தை ஜூரிகள் ஏற்காமல் குற்றவாளி என்று தீர்ப்பளித்தாலும், கருணை காட்டும்படி பரிந்துரைத்தனர். விதிக்கப்பட்ட தூக்குத் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. வைட் தீவிலுள்ள பார்க்ஹர்ஸ்ட் சிறையில், 1884 ஜூலையில், ஏறத்தாழ எண்பதாவது வயதில், தூளிப் படுக்கையிலிருந்து விழுந்து அவர் இறந்தார்.