நேர்க்குறி வெய்ஸ் மாறிலியும் எதிர்ஃபெர்ரோ காந்தமும்: ஒரு வாய்மொழித் தேர்வு அனுபவம்

அடுக்கமைப்பு ஆக்சைடுகளைப் பற்றிய முதுகலை ஆய்வேட்டிற்கு நான் வாய்மொழித் தேர்வுக்குப் போனபோது, முதல் கேள்வியே என்னைத் திணறடித்தது. சோடியம் நிக்கல் ஆக்சைடின் வெய்ஸ் மாறிலி (காந்த ஏற்புத்திறன் = C/(T − θ) என்ற கியூரி-வெய்ஸ் சமன்பாட்டில் வரும் θ; T வெப்பநிலை, C ஒரு மாறிலி) ஏறத்தாழ +36 கெல்வின் என்று நானே பலகையில் எழுதியிருந்தேன். "நேர்க்குறி என்றால் ஃபெர்ரோ காந்தம் என்கிறீர்கள், பிறகு இது 20 கெல்வின் அருகே எதிர்ஃபெர்ரோ காந்தமாவது எப்படி?" என்றார் தேர்வாளர். ஃபெர்ரோ காந்தத்தில் ஸ்பின்கள், அதாவது அயனிகளின் சிறு காந்தங்கள், ஒரே திசையில் நிற்கும்; எதிர்ஃபெர்ரோ காந்தத்தில் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று ஈடுசெய்யும். குறிகளை மனப்பாடம் செய்திருந்த என்னிடம் பதில் இல்லை.

பதில் படிக அமைப்பில் இருக்கிறது. நிக்கல்-ஆக்சிஜன் எண்முகிகள் விளிம்புகளைப் பகிர்ந்து ஓர் அடுக்காகின்றன. நிக்கல்-ஆக்சிஜன்-நிக்கல் கோணம் 90 பாகையை ஒட்டியிருப்பதால் அடுக்கிற்குள் நிக்கல் ஸ்பின்கள் ஒரே திசையில் நிற்கின்றன. ஒவ்வொரு நிக்கலுக்கும் தன் அடுக்கிலேயே ஆறு அண்டை அயனிகள் இருப்பதால், எல்லா இடைவினைகளின் கூட்டுத்தொகையான வெய்ஸ் மாறிலி நேர்க்குறியாகிறது. ஆனால் சோடியத்தைத் தாண்டி அடுத்த அடுக்கோடு உள்ள வலுக்குறைந்த இடைவினை எதிர்த்திசையை விரும்புவதால், ஓர் அடுக்கு மேல்நோக்கியும் அடுத்தது கீழ்நோக்கியும் அமைந்து, மொத்தக் காந்தத்திருப்புத்திறன் பூச்சியமாகிறது. எனவே சமன்பாட்டைத் தொடுமுன் அடுக்கை வரைந்துவிடுங்கள். சில நூல்கள் அச்சமன்பாட்டின் கீழ்ப்பகுதியில் கழித்தலுக்குப் பதில் கூட்டல் குறி இடுவதால் மாறிலியின் குறியே தலைகீழாகும் என்பதால், எந்த வடிவத்தைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் முதல் வரியில் எழுதுங்கள்.

இதன் உறவுக்காரரான லித்தியம் நிக்கல் ஆக்சைடு இன்னும் தொல்லை தரும். லித்தியம் அயனியின் ஆரம் 0.76 ஆங்ஸ்ட்ராம், இரு நேர்மின் நிக்கலின் ஆரம் 0.69, அளவு இவ்வளவு நெருங்கியிருப்பதால் சிறிதளவு நிக்கல் லித்தியத்தின் இடத்தில் போய் அமர்ந்துகொள்கிறது. சோடியத்தின் ஆரம் 1.02 என்பதால் அங்கே இந்தக் கலப்பு அரிது. இடம் மாறிய நிக்கல் மேலும் கீழும் உள்ள அடுக்குகளைக் காந்தவழியே பிணைப்பதால், தாழ்வெப்பநிலையில், காந்தப் புலமின்றிக் குளிர்வித்த மாதிரியின் காந்த அளவீட்டு வளைகோடும் புலத்தோடு குளிர்வித்ததன் வளைகோடும் பிரிந்து போகின்றன.

என் லித்தியம் நிக்கல் ஆக்சைடு மாதிரியிலும் அவை பிரிந்தே இருந்தன. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில், அடுக்குகளுக்கு இணையான படிகத் தளங்கள் தரும் 003 முகட்டின் செறிவு, வேறு தளங்கள் தரும் 104 முகட்டைவிட நன்றாக உயர்ந்திருந்ததே போதும் என்று நினைத்தேன், அவ்விகிதம் 1.2-ஐத் தாண்டினால் அயனிகள் ஒழுங்காக அமைந்துள்ளன என்பது ஆய்வகங்களில் வழங்கும் தோராயக் கணக்கு. பொடியைக் கண்ணாடித் தகட்டால் அழுத்திச் சமப்படுத்தியதில் தட்டையான துகள்கள் படுத்துக்கொண்டு 003 முகட்டைச் செயற்கையாக உயர்த்தியிருக்கின்றன என்பது, தேர்வாளர் மாதிரித் தட்டை நிரப்பிய முறையைக் கேட்ட பின்பே உறைத்தது. பின்புறமிருந்து தளர்வாக நிரப்பி மறுபடி அளந்தபோது விகிதம் வெகுவாக இறங்கியது. அதற்குள் பழைய எண் ஆய்வேட்டில் அச்சாகியிருந்ததால், திருத்தப் பட்டியலில் அதுவும் ஒரு வரியாகச் சேர்ந்தது.